கணினியில் மனிதத் தலை செதுக்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் கணினியில் உருவம் செதுக்கப் பழகுவோர் இரண்டு வகை. அனிமேஷன், வீடியோ கேம் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் ஒரு வகை. செட்டிநாட்டு வீட்டு வளவில் தொங்கும் ஐயாவின் (தாத்தாவின்) படத்தைப் பார்த்து அதை மார்பளவு உருவமாக்க நினைக்கும் குடும்பத்தார் இன்னொரு வகை. இருவருக்கும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

எனக்குப் படம் வரையவே வராது. தலை செதுக்க வருமா?

வரும். காகிதத்தில் வரைபவர் இல்லாத ஆழத்தை நிழலால் காட்ட வேண்டும். இங்கே ஆழம் உண்மையாகவே இருக்கிறது. தவறு செய்தால் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நன்றாக வரைபவர்கள் சிலர் இதில் தடுமாறுவதையும் பார்க்கிறேன். முன்பக்கத்தை அழகாக்கிவிட்டுப் பிடரியை மறந்துவிடுவார்கள்.

பிளெண்டர் மென்பொருள் போதுமா? இசட்பிரஷ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

போதும். பிளெண்டர் இலவசம், 2019இல் வந்த 2.81 பதிப்பில் வாக்சல் ரீமெஷ் (உருவத்தின் பரப்பைச் சீராக மறுபடி பின்னும் கருவி) சேர்ந்த பிறகு, தலை செதுக்க அதில் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. இசட்பிரஷ் கோடிக்கணக்கான பாலிகன்களை, அதாவது உருவத்தின் பரப்பை ஆக்கும் சிறு துண்டுகளை, சுளுவாகத் தாங்கும். பெரிய ஸ்டூடியோக்களில் அதுவே வழக்கம். ஆனால் சந்தா கட்ட வேண்டும். வேலைக்குச் சேரும் இடம் கேட்டால் அப்போது கற்றுக்கொள்ளுங்கள். கைப்பழக்கம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாக வந்துவிடும்.

கணினி இல்லாதவர்கள் டேப்லெட்டில் நோமட் ஸ்கல்ப்ட் செயலியில் தொடங்கலாம். முதல் பத்துத் தலைகளுக்கு அது தாராளம்.

மௌஸ் வைத்தே செய்யலாமா?

பெரிய வடிவங்களைப் பிடித்து இழுக்கும் கட்டம்வரை செய்யலாம். இமை, உதட்டு விளிம்பு, நெற்றிக் கோடு என்று வரும்போது அழுத்தத்தை உணரும் பேனா இல்லாமல் முடியாது, ஏனென்றால் தோல் மடிப்பு எதுவும் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஆழத்தில் ஓடுவதில்லை. விலை குறைந்த சிறிய பேனா பலகையே போதும். 8192 அழுத்த நிலைகள் என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் கைக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

மென்பொருள் தரும் உருண்டையை வைத்துக்கொண்டு விழிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

மண்டையோட்டிலிருந்து. உருண்டையை முன்னும் பின்னும் இழுத்து முட்டை வடிவாக்கி, பக்கங்களைக் கொஞ்சம் தட்டையாக்குங்கள். தாடையைக் கீழே இறக்குங்கள். கண்குழிகளை அழுத்துங்கள். புருவ மேடு, கன்ன எலும்பு, தாடையின் மூலை ஆகிய மூன்றும் எலும்பு தோலுக்கு மிக அருகில் வரும் இடங்கள். இவை சரியான இடத்தில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. கழுத்தையும் அப்போதே வைத்துவிடுங்கள். கழுத்து நேராக நிற்கும் தூண் அல்ல. பின்னாலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து வரும்.

பிறகு தசையும் கொழுப்பும், அதன் பிறகு மடிப்புகள், கடைசியில் தோலின் நுண்ணிய கோடுகள். நம் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பூச்சாக ஏற்றி, கடைசிப் பூச்சைத்தான் கண்ணாடியாகத் தேய்த்தார்கள். அடிப்பூச்சு கோணலாக இருந்தால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் வெளிச்சம் பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். முகமும் அப்படித்தான். கரடுமுரடான மெஷ்ஷிலேயே (பாலிகன்களால் ஆன வலையிலேயே) யார் என்று அடையாளம் தெரிய வேண்டும். தெரியாதவரை மெஷ்ஷின் அடர்த்தியைக் கூட்டாதீர்கள்.

சிற்ப சாஸ்திரத்துத் தாலக் கணக்கையே பயன்படுத்தலாமா? நம் பக்கம் அதற்குத்தானே பேர் போனது?

கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி பிறந்த பிள்ளையார்பட்டி நமக்குப் பக்கத்து ஊர்தான். அதனால் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. ஸ்தபதிகள் முக நீளத்தை ஒரு தாலம் என்று கொண்டு உடல் முழுவதையும் அளப்பார்கள். முகத்தை நெற்றி, மூக்கு, மூக்கடி முதல் மோவாய்வரை என்று மூன்று சம பாகமாக்குவார்கள். முதல் பிடிமானமாக இந்த மூன்று பாகத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அது இலட்சிய உருவத்துக்கான கணக்கு. தெய்வத்துக்கு வயதும் ஏறாது, பல்லும் விழாது. மனித முகத்துக்கு வேறு சில அளவுகளும் வேண்டும். உச்சி முதல் மோவாய்வரையுள்ள உயரத்தின் நடுவில் கண்கள் வரும். புதியவர்கள் எல்லோரும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள்; முடிக்குள் இருக்கும் மண்டையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அகலம். காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில் நிற்கும்.

மூக்கின் அகலம் இரு கண்களுக்கு இடையேயுள்ள தூரத்துக்குச் சமம் என்று பல பாடங்களில் வரும். காரைக்குடிச் சந்தையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பலருக்கு மூக்கு அந்த எல்லையைத் தாண்டியே இருக்கும். அளவு என்பது யார் எங்கே சராசரியிலிருந்து விலகுகிறார் என்று பார்ப்பதற்கான கோல். எல்லோரையும் அதற்குள் திணிக்கக் கூடாது.

முன்னாலிருந்து சரியாக இருக்கிறது. பக்கவாட்டில் திருப்பினால் முகமூடி மாதிரி தெரிகிறதே?

ஆழம் குறைவு. பக்கவாட்டில் தலையின் நீளம் கிட்டத்தட்ட அதன் உயரத்தை எட்டும். பலர் அதில் முக்கால் பங்குதான் வைக்கிறார்கள். காது, பக்கவாட்டுத் தோற்றத்தின் நடுக்கோட்டுக்குப் பின்னால், சற்றே பின்சாய்ந்து இருக்க வேண்டும்.

முகத்தின் முன்பக்கமும் தட்டை அல்ல. மோவாய்க்குக் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள்: பல் வரிசை வளைந்து ஓடுவதால் உதடும் அதன்மேல் வளைந்துதான் படியும். கண்ணின் வெளிமூலை உள்மூலையைவிடப் பின்னால் இருக்கும். வேலை செய்யும்போது ஒரே கோணத்தில் நின்றுவிடாமல் திருப்பிக்கொண்டே இருங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும் இரண்டு கோணங்கள்தாம் பொய் சொல்லாதவை.

கண் எப்படிச் செய்தாலும் பொம்மை முறைக்கிறது. என்ன தவறு?

கோவில் சிலைக்குக் கண் திறப்பது கடைசியில். இங்கே விழிக்கோளத்தை முதலிலேயே தனி உருண்டையாகக் குழிக்குள் வைத்துவிட வேண்டும். வளர்ந்தவரின் விழிக்கோளம் சுமார் 24 மி.மீ. விட்டம், ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. கண்மணிகளுக்கு இடையேயுள்ள தூரம் சராசரியாக 63 மி.மீ. தலையை நிஜ அளவில், அதாவது மோவாய் முதல் உச்சிவரை 22 அல்லது 23 செ.மீ. என்று வைத்துக்கொண்டு தொடங்கினால் இந்த எண்களை அப்படியே பயன்படுத்தலாம். "பெரிய கண்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இமை அகலத் திறந்திருப்பதைத்தான். விழிக்கோளத்தைப் பெரிதாக்கினால் தேரை முகம் வந்துவிடும்.

முறைப்புக்குக் காரணம் பெரும்பாலும் மேல் இமை. சாதாரணமாகப் பார்க்கும்போது மேல் இமை கருவிழியின் மேற்பகுதியைக் கொஞ்சம் மூடியிருக்கும். கீழ் இமை கருவிழியின் அடியைத் தொட்டு நிற்கும். கருவிழி வட்டம் முழுதாகத் தெரிந்தால் அது பயந்தவரின் கண். அடுத்த தவறு, கண்ணைச் சமச்சீரான பாதாம் பருப்பாக வெட்டுவது. மேல் இமையின் உச்சி மூக்குப் பக்கம் சற்று நகர்ந்திருக்கும். கீழ் இமையின் தாழ்ந்த இடம் காதுப் பக்கம் இருக்கும்.

இமைக்குத் தடிமன் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். அந்த விளிம்பில்தான் ஈரம் தங்கி ஒளிக்கோடு விழும். உள்மூலையில் இளஞ்சிவப்புச் சதைத் துணுக்கு இருக்கும். கருவிழிக்கு முன்னால் கார்னியா என்னும் ஒளிபுகும் படலம் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு இல்லாவிட்டால் பளபளப்பு உரிய இடத்தில் விழாது.

மூக்கும் உதடும் ஒட்டவைத்தது போல் இருக்கின்றன.

சுற்றியுள்ள சதையோடு சேராமல் தனியாக நிற்பதால். மூக்கின் மேல்பகுதி எலும்பு, கீழ்ப்பகுதி குருத்தெலும்பு. இரண்டும் சேரும் இடத்தில் பலருக்குச் சிறிய முடிச்சு தெரியும். மூக்கு மடல் கன்னத்துக்குள் உருண்டு மறையும் இடத்தை மென்மையாக விடுங்கள். உதட்டைச் சுற்றிக் கோடு கீறாதீர்கள். மேல் உதட்டு விளிம்பு நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் கரைந்தும் இருக்கும். வாயின் மூலைகள் உள்ளே புதைந்திருக்கும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்த மூலைகளைத்தான்.

டைன்டோப்போ, வாக்சல் ரீமெஷ், மல்டிரெஸ் – எதை எப்போது?

வடிவம் தேடும் கட்டத்தில் வாக்சல் ரீமெஷ். காது, கழுத்து என்று தனித்தனியாக வைத்தவற்றை அது ஒரே உடலாக இணைத்து, பாலிகன்களைச் சீராகப் பரப்பிவிடும். டைன்டோப்போ தூரிகை படும் இடத்தில் மட்டும் முக்கோணங்களைக் கூட்டும். ஓரிடத்தில் அவசரமாகச் சதை வேண்டும்போது உதவும்.

முக வடிவம் முடிவானதும், நாற்கோண மெஷ்ஷாக மாற்றி, ஒரே மெஷ்ஷைப் பல அடர்த்திகளில் வைத்திருக்கும் மல்டிரெஸ் போடுங்கள். அதன் பெரிய இலாபம், அடுக்குகள். தோல் கோடுகளை மேல் அடுக்கில் செதுக்கிய பிறகும் கீழ் அடுக்குக்கு இறங்கித் தாடையை அகலப்படுத்தலாம், மேலே செய்தது கலையாது. வாக்சல் ரீமெஷ்ஷை அந்த நேரத்தில் அழுத்தினால் தோல் வேலை அழிந்துவிடும்.

ரீடோப்பாலஜி செய்தே ஆக வேண்டுமா?

செதுக்கிய உருவத்தின் மேல் மெஷ்ஷை ஒழுங்காக மறுபடி பின்னுவதுதான் ரீடோப்பாலஜி. அசையாத படத்துக்கும் முப்பரிமாண அச்சுக்கும் வேண்டாம். முகம் பேச வேண்டும், சிரிக்க வேண்டும் என்றால் கட்டாயம். அப்போது கண்ணையும் வாயையும் சுற்றி வளையங்களாக நாற்கோணங்கள் ஓட வேண்டும், அங்குள்ள தசைகள் வளையமாக இருப்பதால்.

ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் அப்படியே செய்யும் சிமெட்ரியை எப்போது அணைப்பது?

மேலே சொன்ன மல்டிரெஸ் கட்டத்துக்குப் போகும் முன். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் முகம் உலகத்தில் இல்லை. ஒரு கண் சற்று இறங்கியிருக்கும், மூக்குத்தண்டு லேசாகச் சாயும், ஒரு பக்கமே மெல்பவருக்கு அந்தத் தாடைத் தசை புடைத்திருக்கும். கண்டபடி அசைத்துவிட்டு "இயற்கை" என்று சொல்லாதீர்கள். எதிரில் இருக்கும் படத்தில் எது எந்தப் பக்கம் என்று பார்த்து அதை மட்டும் செய்யுங்கள். கண்ணாடியில் பிடித்த படமா என்பதையும் விசாரியுங்கள். இடம் வலம் மாறிவிடும்.

தோல்துளை வரைக்கும் போட்டுவிட்டேன். இன்னும் மெழுகு பொம்மைதான். ஏன்?

முதலில் எல்லா நுண்கோடுகளையும் மறைத்துவிட்டு, சாம்பல் நிறத்தில், பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். அப்போதும் பொம்மையாகத் தெரிந்தால் சிக்கல் அடிப்பூச்சில். தோலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே இதை எழுதிவிட்டார்: மனிதச் சாயல் ஏற ஏறப் பிடிக்கும், ஆனால் ஏறக்குறைய மனிதன் என்ற இடத்தில் பிடிப்பு பள்ளம்போல் இறங்கித் திடீரென்று அருவருப்பு வரும். துளைகளைக் கூட்டுவது நம்மை அந்தப் பள்ளத்துக்குள்தான் தள்ளும்.

அடிவடிவம் சரி என்றால் ஒளிக்கு வாருங்கள். ஒளி தோலுக்குள் கொஞ்சம் நுழைந்து சிதறித்தான் வெளியே வருகிறது; சிவப்பு ஒளி அதிக ஆழம் போகும். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பவரின் காது சிவந்து தெரிவது அதனால். மென்பொருளில் இந்தச் சிதறலை அளவுக்கு மீறி வைத்தால் மெழுகுதான் வரும், மாடல் நிஜ அளவில் இல்லாவிட்டாலும் அதே கதை.

நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இன்னொரு விஷயம். கருமை கூடக்கூட உள்ளிருந்து திரும்பும் ஒளி குறையும், மேற்பரப்புப் பளபளப்பு எடுப்பாகத் தெரியும். ஆகவே எங்கே எண்ணெய் மினுங்குகிறது, எங்கே வறண்டிருக்கிறது என்ற வரைபடம்தான் நம் முகத்தை முகமாக்குகிறது. ஒரே பழுப்பைப் பூசிவிடாதீர்கள். கண்ணைச் சுற்றியும் நெற்றி ஓரத்திலும் கருமை ஏறும்; கன்னத்தில் வெதுவெதுப்பான நிறம் தங்கும். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலுக்கான எண்கள். அப்படியே எடுத்தால் சாம்பல் பூத்துவிடும்.

மாதிரிப் படம் எடுக்கும்போது எதைக் கவனிப்பது? செல்போனில் எடுத்தால் மூக்கு பெரிதாகிறது.

கிட்டப் போய் எடுப்பதால் மூக்கு பெரிதாகிறது. இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். மென்பொருளின் கேமரா லென்ஸையும் 85 மி.மீ. அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் படமும் மாடலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

ஒளிக்கு நம் வீடுகளைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது. வளவின் திறந்த முற்றத்தை ஒட்டித் தூணருகே ஆளை உட்காரவையுங்கள். மேலிருந்து இறங்கும் ஒரே வெளிச்சத்தில் புருவ மேடும் கன்ன எலும்பும் தெளிவாகப் பிரியும். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். முன், இரு பக்கம், முக்கால் பக்கம், மோவாய்க்குக் கீழ், பிடரி என்று எல்லாக் கோணங்களும் வேண்டும்.

இத்தனை படம் எடுத்து ஸ்கேன் செய்துவிட்டால் செதுக்கும் வேலையே இல்லையே?

மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருளில் படங்களைக் கொடுத்தால் முப்பரிமாண உருவம் வரும். முடி, காதின் உட்பள்ளம், மினுங்கும் கண் ஆகியவை கட்டிகட்டியாக வரும். அவற்றை எப்படியும் நீங்கள்தான் செதுக்க வேண்டும். உயிரோடு எதிரில் இருப்பவருக்கு ஸ்கேன் நல்ல தொடக்கம். இல்லாதவருக்கு அது உதவாது.

ஐயாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ரங்கூனில் எடுத்தது. அதை வைத்துச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் படத்தை அப்படியே நம்பக் கூடாது. அந்தக் கால ஃபிலிம்களில் பல சிவப்பு ஒளியை உணராதவை; உதடும் மாநிறத் தோலும் இருந்ததைவிடக் கறுப்பாக விழும். ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவிலேயே பென்சிலால் சுருக்கங்களை மறைத்துவிடுவார்கள். பிறகு யாரோ வண்ணம் தீட்டி, புருவத்துக்கு மை ஏற்றியிருப்பார்கள். வரைந்தது எது, ஒளி பதித்தது எது என்று உருப்பெருக்கி வைத்துப் பிரித்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடிச் சட்டத்தோடு மேல்நோக்கி எடுத்த செல்போன் படம் வேண்டாம். சட்டத்தைக் கழற்றி, ஸ்கேனரில் இட்டு எடுங்கள்.

தெரியாத பக்கங்களுக்குக் குடும்பத்தைப் பாருங்கள். ஐயாவின் தம்பி, மகன்கள், பேரன்கள் என்று வரிசையாகப் பக்கவாட்டுப் படம் எடுத்தால் பிடரியின் வடிவமும் காதின் அமைப்பும் தலைமுறையாக வருவது தெரியும். படத்தில் உள்ளதோடு எவருடையது பொருந்துகிறதோ அதைக் கடன் வாங்கலாம். கடுக்கன் போட்டிருந்தாரா, முன்தலை சிரைத்திருந்தாரா என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். படம் முப்பது வயதில் எடுத்தது, உருவம் அறுபதில் வேண்டும் என்றால் சுருக்கம் மட்டும் போட்டால் இளைஞனுக்கு வேடம் கட்டியதாகிவிடும். வயதில் நெற்றிப்பொட்டு குழியும், கன்னக் கொழுப்பு இறங்கும், மூக்கு நுனி தாழும், காது நீளும். பல் விழுந்தவருக்கு மோவாய் மூக்கை நோக்கி ஏறும்.

அப்பத்தாவுக்குத் தண்டட்டி போட்டு வளர்த்த காது. அதை எப்படிச் செதுக்குவது?

இதற்கென்று பயிற்சி எதுவும் கிடைக்காததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் சாதாரணக் காதை முடியுங்கள்: வெளி விளிம்பு, அதற்குள் ஆங்கில ஒய் எழுத்தாகப் பிரியும் உள்மேடு, நடுக்குழி, குழியை மறைக்கும் சிறு முனை. இந்த மேல்பகுதி முழுக்கக் குருத்தெலும்பு. கனத்தால் வடிவம் அதிகம் மாறாது. நீள்வது குருத்தெலும்பில்லாத கீழ்ச் சோணை மட்டும்.

சோணையைத் தனித் துண்டாக, நீண்ட வளையமாகச் செய்து பிறகு வாக்சல் ரீமெஷ்ஷில் இணையுங்கள். வளையத்தின் கனம் எங்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. காதோடு சேரும் இரண்டு முனைகளும் பருத்தும், பாரம் தொங்கிய அடிப்பகுதி மெலிந்து தட்டையாகியும் இருக்கும். நகை இல்லாத காது என்றால் வளையம் சற்றே முறுகிக் கழுத்துப் பக்கம் சாயும். நகையோடு என்றால் நகையை முதலில் வைத்து, அதன் எடைக்குச் சதையை இழுங்கள். இரண்டு காதும் ஒரே நீளமாக இருக்காது.

அச்சிட்டுப் பார்த்தால் கண் குருடாகத் தெரிகிறது, தோல் வேலையும் காணோம். ஏன்?

திரையில் கருவிழிக்கு நிறம் இருந்தது. ஒரே நிற அச்சில் அது வெறும் உருண்டை. கல்லில் செய்பவர்களின் உத்தியைப் பின்பற்றுங்கள்: கண்மணியைக் குழித்து, மேல் ஓரத்தில் சிறு துணுக்கை விட்டுவையுங்கள். குழியின் நிழல் கருமையாகும், துணுக்கு ஒளிப்புள்ளியாகும். பாதி அளவில் அச்சிடும்போது தோல்துளைகள் அச்சின் அடுக்குக்குள் மறைந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு மடிப்புகளைக் கொஞ்சம் ஆழப்படுத்துங்கள்.

ரெசின் என்னும் பிசின் திரவத்தில் அச்சிடுவதென்றால் உள்ளே குடைந்து, இரண்டு மூன்று மி.மீ. சுவர் விட்டு, அடியில் திரவம் வடியத் துளை வையுங்கள். மேலே சொன்ன காது வளையம் முறிய வாய்ப்புள்ள இடம். அதை நிஜத்தைவிடத் தடிமனாக்குங்கள்.

அம்மா "அப்படியே ஐயாதான்" என்கிறார், சித்தப்பா "யாரோ மாதிரி இருக்கிறது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவரும் உண்மை சொல்பவர்களாக இருக்கலாம். ஒருவர் நினைவில் ஐம்பது வயது ஐயா, மற்றவர் நினைவில் படுக்கையில் கிடந்த ஐயா. பேரப்பிள்ளைகள் அவரைக் கீழிருந்து அண்ணாந்தே பார்த்தவர்கள். ஆகவே "சரியாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். மாடலை அவரவர் பார்த்த கோணத்துக்குத் திருப்பிவிட்டு, "எந்த இடம் இடிக்கிறது?" என்று கேளுங்கள். "வாய்" என்று சொன்னால் பெரும்பாலும் குறை வாய்க்கு மேலேயோ கீழேயோ உள்ள இடைவெளியில் இருக்கும். மூக்கடிக்கும் மேல் உதட்டுக்கும் இடையே இரண்டு மி.மீ. மாறினாலே ஆள் மாறிவிடுவார்.

எலும்பு விஷயத்தில் படமும் நினைவும் முரண்பட்டால் படத்தை நம்புங்கள். இமை எவ்வளவு இறங்கியிருந்தது, வாயின் மூலை எப்படி அடங்கியிருந்தது என்பதில் கூட வாழ்ந்தவரை நம்புங்கள். ஒவ்வொரு சுற்றுத் திருத்தத்துக்கும் முன் கோப்பைத் தனிப் பெயரில் சேமித்துவிடுங்கள். நாலாவது சுற்றில் பாதிப் பேர் இரண்டாவதையே கேட்பார்கள்.